பகுதி நேர ஊழியருக்குச் சம்பளமும் லீவும்: கணக்குப் போடுவது எப்படி?

"மணிக்குப் பத்து வெள்ளி (ரிங்கிட்)" என்று பேசி ஒருவரை வேலைக்கு வைத்துவிட்டால், அவர் கடையில் நின்ற நேரத்துக்கு மட்டும் காசு கொடுத்தால் போதும், வராத நாளுக்கு ஒன்றும் கிடையாது என்றுதான் பினாங்கில் நிறைய முதலாளிகள் நினைக்கிறார்கள். வேலை செய்பவர்களும் அப்படியே நம்புகிறார்கள். காய்ச்சலில் படுத்தால் அன்றைய சம்பளம் போச்சு, தொழிலாளர் தினத்தன்று கடை மூடினால் அன்றைய சம்பளமும் போச்சு என்று பேசாமல் இருந்துவிடுகிறார்கள். நம் மலேசிய நாட்டுச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2010 அக்டோபர் 1 முதல் பகுதி நேர ஊழியர்களுக்கென்றே தனி விதிமுறைகள் நடப்பில் இருக்கின்றன. சம்பளத்தோடு கூடிய பொது விடுமுறை, ஆண்டு விடுப்பு, எம்சி என்று நாம் சொல்லும் மருத்துவ விடுப்பு எல்லாம் அதில் உண்டு.

ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியா பக்கம் சில சிறு கடைகளுக்கு நான் கணக்கு எழுதுகிறேன். பகுதி நேரமாக வருபவர்களில் பெரும்பாலோர் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வரும் அம்மாக்கள், கல்லூரி மாணவர்கள், பணி ஓய்வு பெற்றவர்கள். மாதம் நூறு, நூற்றைம்பது ரிங்கிட் குறைந்தால் அது அவர்கள் வீட்டுச் செலவில் தெரியும். முதலாளிகளிலும் பலர் ஏமாற்ற வேண்டும் என்று செய்வதில்லை, கணக்குத் தெரியாமல்தான் விட்டுவிடுகிறார்கள். அதனால் இரண்டு தரப்புக்கும் புரியும்படி, ஒரே உதாரணத்தை வைத்துக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு துணிக்கடை என்று வைத்துக்கொள்வோம். அங்கே முழு நேர ஊழியர்கள் வாரம் 6 நாள், நாளைக்கு ஏழரை மணி நேரம், ஆக 45 மணி நேரம் வேலை செய்கிறார்கள். அதே கடையில் ஒரு அக்கா செவ்வாய் முதல் சனி வரை, மதியம் 2 மணியிலிருந்து இரவு 7 மணி வரை வருகிறார். நாளைக்கு 5 மணி நேரம், வாரத்துக்கு 25 மணி நேரம். சம்பளம் மணிக்கு 10 ரிங்கிட்.

யார் பகுதி நேர ஊழியர்?

காசைப் பற்றிப் பேசும் முன் இதை முடிவு செய்ய வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லாக் கணக்கும் இதைத்தான் சார்ந்திருக்கிறது. 1955-ஆம் ஆண்டு தொழிலாளர் சட்டத்தின்படி, அதே கடையில் அதே மாதிரி வேலை செய்யும் முழு நேர ஊழியரின் வேலை நேரத்தில் 30 விழுக்காட்டுக்கு மேலும் 70 விழுக்காட்டுக்கு மிகாமலும் வேலை செய்பவர்தான் பகுதி நேர ஊழியர். இருவரும் ஒத்துக்கொண்ட சராசரி நேரம்தான் கணக்கு. தீபாவளி நெருக்கத்தில் ஒரு வாரம் கூட நின்றார் என்பதற்காக அவர் நிலை மாறிவிடாது.

முழு நேர வாரம் 45 மணி என்றால், 30 விழுக்காடு 13 மணி 30 நிமிடம். 70 விழுக்காடு 31 மணி 30 நிமிடம். நம் அக்காவின் 25 மணியை 45 ஆல் வகுத்தால் 55 விழுக்காட்டுக்குச் சற்று மேல் வருகிறது. சந்தேகமில்லாமல் பகுதி நேர ஊழியர்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். "பார்ட் டைம்" என்று பெயர் வைத்துவிட்டால் மட்டும் ஒருவர் பகுதி நேர ஊழியர் ஆகிவிட மாட்டார். அக்கா வாரம் 6 நாள், நாளைக்கு ஐந்தரை மணி நேரம் வருகிறார் என்று வையுங்கள். மொத்தம் 33 மணி, அதாவது 45-இல் 73 விழுக்காடு. கோட்டைத் தாண்டியாயிற்று. முதலாளி என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும், முழு நேர ஊழியருக்குள்ள லீவும் எம்சியும் பொது விடுமுறையும் அவருக்கும் உண்டு. நாளைக்கு அரை மணி நேரமும் வாரத்தில் ஒரு நாளும்தான் கூடியிருக்கிறது. பார்ப்பதற்குச் சின்ன வித்தியாசம், ஆனால் ஆண்டு விடுப்பு 6 நாளிலிருந்து 8 நாளாகிறது, எம்சி 10 நாளிலிருந்து 14 நாளாகிறது.

கடைக்குக் கடை இந்தக் கோடு நகரும் என்பதையும் கவனிக்க வேண்டும். முழு நேரத்தவர்கள் வாரம் 40 மணி மட்டுமே வேலை செய்யும் ஓர் அலுவலகத்தில் 70 விழுக்காடு என்பது 28 மணி. வாரம் 30 மணி வேலை செய்பவர் துணிக்கடையில் பகுதி நேர ஊழியர், அந்த அலுவலகத்தில் அப்படி இல்லை. 2023 ஜனவரி 1 முதல் சட்டப்படியான வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 ஆகக் குறைந்தது. 48 மணியில் 70 விழுக்காடு 33 மணி 36 நிமிடம். அதனால் முன்பு வாரம் 32, 33 மணி வேலை செய்து பகுதி நேர ஊழியராக இருந்தவர், கடையின் முழு நேரம் 45 ஆனதும் கோட்டுக்கு மேலே போய்விட்டார். பழைய ஒப்பந்தத்தை அப்படியே வைத்திருக்கும் கடைகள் அதை ஒரு முறை எடுத்துப் பார்ப்பது நல்லது.

30 விழுக்காட்டுக்குக் கீழே, எப்போதாவது தேவைப்படும்போது மட்டும் வந்து உதவும் தற்காலிக ஆட்களுக்கு இந்தப் பகுதி நேர விதிமுறைகள் பொருந்தாது. குறைந்தபட்சச் சம்பளம் அவர்களுக்கும் உண்டு.

ஒரு மணிக்கு எவ்வளவு?

குறைந்தபட்சச் சம்பளம் இப்போது மாதம் 1,700 ரிங்கிட். 2025 பிப்ரவரி 1 முதல் ஐந்து பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் இடங்களிலும், அதே ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் சின்னக் கடைகள் உட்பட எல்லா இடங்களிலும் இது கட்டாயமானது. மணிக் கணக்கில் பார்த்தால் 8 ரிங்கிட் 72 காசு. இந்த எண் எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் மற்ற கணக்குகள் சுலபமாகிவிடும். 1,700-ஐ 12 மாதத்தால் பெருக்கினால் ஆண்டுக்கு 20,400. அதை 52 வாரத்தால் வகுத்தால் வாரத்துக்கு 392 ரிங்கிட் 31 காசு. அதை 45 மணியால் வகுத்தால் 8.72.

நம் அக்காவுக்கு மணிக்கு 10 ரிங்கிட். அதனால் பிரச்சினை இல்லை. சிக்கல் வருவதெல்லாம் மாதத்துக்கு ஒரு தொகை என்று பேசும்போதுதான். "மாசம் 900 வெள்ளி, சரியா?" என்று கேட்டு முடித்துவிடுவார்கள். முதலாளி மனத்தில் போடும் கணக்கு இதுதான்: வாரம் 25 மணி, மாதம் நாலு வாரம், மொத்தம் 100 மணி, மணிக்கு 9 ரிங்கிட், குறைந்தபட்சத்தைவிடக் கூடவே கொடுக்கிறோம். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் மாதத்துக்கு நாலு வாரம் என்றால் ஆண்டுக்கு 48 வாரம்தான் ஆகும். மிச்சம் நாலு வாரம் அவர் வேலைக்கு வந்துகொண்டுதானே இருக்கிறார்?

சரியான கணக்கு, 25-ஐ 52 ஆல் பெருக்கி 12 ஆல் வகுப்பது. மாதத்துக்குச் சராசரியாக 108.33 மணி வருகிறது. 900-ஐ அதனால் வகுத்தால் மணிக்கு 8 ரிங்கிட் 31 காசுதான். சட்டம் சொல்லும் 8.72-க்குக் கீழே போய்விட்டது. வாரம் 25 மணிக்கு மாதச் சம்பளம் பேசினால் குறைந்தது 944 ரிங்கிட் 67 காசாவது இருக்க வேண்டும். இதைப் பல கடைகளில் பார்க்கிறேன், யாரும் வேண்டுமென்றே செய்ததில்லை. மாதச் சம்பளம் பேசும் முன் 52 ஆல் பெருக்கி 12 ஆல் வகுக்கும் பழக்கம் வந்தால் போதும், இந்தத் தவறு நடக்காது.

அடுத்து, ஒரு நாள் சம்பளம் எவ்வளவு என்பதும் தெரிந்திருக்க வேண்டும். லீவுக்கும் எம்சிக்கும் பொது விடுமுறைக்கும் அந்த ஒரு நாள் சம்பளத்தைத்தான் கொடுக்கிறோம். அக்காவுக்குத் தினமும் ஒரே 5 மணி நேரம் என்பதால் 50 ரிங்கிட் என்று உடனே சொல்லிவிடலாம். எல்லோருக்கும் இப்படி ஒழுங்காக அமையாது. ஒரு மாணவர் ஒரு நாள் 4 மணி நேரம், வேறொரு நாள் 8 மணி நேரம் என்று மாற்றி மாற்றி வருகிறார் என்றால், போன மாதம் அவர் சம்பாதித்த மொத்தத்தை, போன மாதம் உண்மையில் வேலைக்கு வந்த நாட்களால் வகுக்க வேண்டும். பொது விடுமுறையிலோ ஓய்வு நாளிலோ வேலை செய்து வாங்கிய காசையும் அந்த நாட்களையும் சேர்க்கக் கூடாது. 15 நாள் வந்து 900 ரிங்கிட் சம்பாதித்திருந்தால் ஒரு நாள் சம்பளம் 60. இந்த மாதம் அவர் லீவு எடுக்கும் நாளுக்கு அந்த 60.

கூடுதல் நேரம்

ஓவர்டைம் என்றாலே ஒன்றரை மடங்கு என்று எல்லோர் மனத்திலும் பதிந்திருக்கிறது. பகுதி நேர ஊழியருக்கு அது இரண்டு கட்டமாக வரும். தன் வழக்கமான நேரத்தைத் தாண்டி, முழு நேர ஊழியரின் நேரம் வரை செய்யும் வேலைக்கு மணிக்கு வழக்கமான சம்பளம். முழு நேர ஊழியரின் நேரத்தையும் தாண்டினால்தான் ஒன்றரை மடங்கு.

தீபாவளிக்கு முந்தின வாரம். லிட்டில் இந்தியாவின் லெபோ பாசார் தெருவில் நடக்கக்கூட இடமிருக்காது. அக்காவை 7 மணிக்கு அனுப்ப முடியவில்லை, இரவு 10.30 வரை நிற்கிறார். நடுவில் அரை மணி நேரம் சாப்பாட்டு ஓய்வு. அந்த ஓய்வு கட்டாயம். தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் யாரையும் ஓய்வில்லாமல் வேலை வாங்கக் கூடாது, குறைந்தது 30 நிமிடம் விட வேண்டும். கூட்டம் அதிகம் என்ற காரணத்தைச் சொல்லி இதை மறந்துவிடாதீர்கள். மதியத்திலிருந்து நின்றுகொண்டே இருக்கும் ஒருவருக்கு அந்த அரை மணி நேரம் எவ்வளவு முக்கியம் என்பது நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஆக, அன்று அவர் செய்த வேலை 8 மணி நேரம். முதல் 5 மணிக்கு 50 ரிங்கிட். அடுத்த இரண்டரை மணி நேரம் முழு நேரத்தவரின் ஏழரை மணி வரை போகிறது, அதற்கு மணிக்கு 10 வீதம் 25 ரிங்கிட். கடைசி அரை மணி நேரத்துக்கு மட்டும் ஒன்றரை மடங்கு, மணிக்கு 15 வீதம் 7 ரிங்கிட் 50 காசு. மொத்தம் 82 ரிங்கிட் 50 காசு. சிலர் மூன்று மணி நேரத்துக்கும் ஒன்றரை மடங்கு கொடுக்கிறார்கள். தாராளமாகக் கொடுக்கலாம், சட்டம் சொல்வது குறைந்தபட்சம்தான். மூன்று மணி நேரத்துக்கும் வெறும் பத்துப் பத்தாகக் கொடுத்தால்தான் குறைவு.

பொது விடுமுறை

பகுதி நேர ஊழியருக்கு ஆண்டுக்கு 7 பொது விடுமுறை சம்பளத்தோடு உண்டு. தேசிய தினம், மாமன்னரின் பிறந்தநாள், மாநில ஆட்சியாளர் அல்லது ஆளுநரின் பிறந்தநாள், தொழிலாளர் தினம் ஆகியவை அதில் கண்டிப்பாக இருக்க வேண்டும். பினாங்கில் ஆளுநரின் பிறந்தநாள் ஜூலை மாதத்து இரண்டாவது சனிக்கிழமை. கோலாலம்பூரில் இருப்பவர்களுக்கு அதற்குப் பதில் பிப்ரவரி 1, கூட்டரசுப் பிரதேச தினம். மீதியை முதலாளி தேர்ந்தெடுக்கலாம். தமிழர் கடை என்றால் தைப்பூசம், தீபாவளி, மலேசிய தினம் மூன்றையும் சேர்த்துக்கொள்வது இயல்பாக இருக்கும். ஆண்டு தொடங்கும் முன்பே ஏழு விடுமுறைகளையும் ஒரு தாளில் எழுதிக் கடையில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டிவிடுங்கள்.

விடுமுறை ஓய்வு நாளில் விழுந்தால் அடுத்த வேலை நாள் விடுமுறை ஆகும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் மட்டுமே வருபவருக்கு, அவர் வரும் கிழமைகளில் விழும் விடுமுறைகளாகப் பார்த்து இருவரும் பேசித் தேர்ந்தெடுப்பதுதான் என் யோசனை. நாள்காட்டியை முன்னால் வைத்துப் பத்து நிமிடம் பேசினால் முடிந்துவிடும் வேலை. பேசாமல் விட்டால் ஆண்டு முழுக்க மனக்கசப்பு.

விடுமுறை நாளில் அக்கா வீட்டில் இருந்தால் 50 ரிங்கிட், அதாவது வழக்கமான ஒரு நாள் சம்பளம். அதே நாளில் கடைக்கு வந்து தன் 5 மணி நேரம் வேலை செய்தால், அந்த 50-உடன் இன்னும் இரண்டு மடங்கு, அதாவது 100 ரிங்கிட் சேரும். ஆக 150. "ஒரு நாள் சம்பளத்துக்கு இரண்டு மடங்கு, ஆக 100" என்று போட்டுக் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். விடுமுறைச் சம்பளம் வேறு, விடுமுறையில் வேலை செய்ததற்கான சம்பளம் வேறு. இரண்டையும் கூட்ட வேண்டும். தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயில் பக்கம் கடை போட்டு ஆள் வைக்கிறவர்களும் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், தைப்பூசம் அந்த ஏழில் ஒன்றாக இருந்தால்.

ஓய்வு நாளைப் பற்றி ஒரு வரி. வாரம் 5 நாளுக்குக் குறையாமல் வந்து, மொத்தம் 20 மணிக்குக் குறையாமல் வேலை செய்பவருக்கு வாரம் ஒரு ஓய்வு நாள் உண்டு. நம் அக்காவுக்கு அது பொருந்தும்.

ஆண்டு விடுப்பும் எம்சியும்

வேலைக்குச் சேர்ந்து இரண்டு ஆண்டுக்குள் இருப்பவருக்கு ஆண்டுக்கு 6 நாள் லீவு. இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் 8 நாள். ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் 11 நாள். எம்சி அதே வரிசையில் 10, 13, 15 நாள். முழு நேர ஊழியருக்கு லீவு 8, 12, 16 நாள், எம்சி 14, 18, 22 நாள். அந்த எண்களை 0.7 ஆல் பெருக்கி, கிட்டத்தில் இருக்கும் முழு எண்ணை எடுத்தால் பகுதி நேரத்துக்கான எண் கிடைத்துவிடும். 8-க்கு 5.6, அதாவது 6. 12-க்கு 8.4, அதாவது 8. எண்களை மறந்துவிட்டால் இப்படிப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

லீவு நாள் என்றால் அவருடைய வழக்கமான ஒரு நாள். அக்காவுக்கு அது 5 மணி நேரம், 50 ரிங்கிட். 5 மணி நேரத்தை முழு நேரத்தவரின் ஏழரை மணியோடு ஒப்பிட்டு, "நீங்கள் ஒன்றரை நாள் எடுத்தால்தான் ஒரு நாள் லீவு" என்றெல்லாம் சுற்றி வளைக்க வேண்டியதில்லை. விகிதம் ஏற்கெனவே நாள் எண்ணிக்கையில் கழிக்கப்பட்டுவிட்டது. மறுபடியும் கழித்தால் ஒரே ஊழியரிடம் இரண்டு முறை வெட்டியதாகும்.

எம்சிக்கு மருத்துவரின் சான்று வேண்டும், 48 மணி நேரத்துக்குள் கடைக்குத் தகவல் சொல்லிவிட வேண்டும். வாட்ஸ்அப்பில் சான்றைப் படமெடுத்து அனுப்பிவிடுங்கள், பின்னால் யாரும் மறுக்க முடியாது. எம்சி எடுத்த நாளை ஆண்டு விடுப்பில் கழிக்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அது சரியில்லை. இரண்டும் தனித்தனிக் கணக்கு. உடம்புக்கு முடியாமல் படுத்தவரின் லீவைக் குறைத்தால், அடுத்த முறை அவர் காய்ச்சலோடு வேலைக்கு வருவார். சாப்பாட்டுக் கடையில் அது மற்றவர்களுக்கும் ஆபத்து.

இப்போது ஒரு மாதத்தைச் சேர்த்துப் பார்ப்போம். மே 1 வெள்ளிக்கிழமையில் வரும் மே மாதம். செவ்வாய் முதல் சனி வரை எண்ணினால் 22 நாள் வருகிறது. தொழிலாளர் தினத்துக்குக் கடை மூடல். அக்கா ஒரு நாள் எம்சி, ஒரு நாள் ஆண்டு விடுப்பு. மற்ற 19 நாள் வேலைக்கு வந்திருக்கிறார். இந்த மாதத்தில் வேறு விடுமுறை எதையும் கணக்கில் எடுக்கவில்லை.

வேலை செய்த 19 நாளுக்கு 950 ரிங்கிட். தொழிலாளர் தினம் 50, எம்சி 50, லீவு 50. மொத்தம் 1,100 ரிங்கிட். "நின்ற மணிக்கு மட்டும்" என்று போட்டிருந்தால் 950-தான் கிடைத்திருக்கும். ஒரு மாதத்தில் 150 ரிங்கிட் வித்தியாசம். ஆண்டு முழுவதற்கும் பார்த்தால் 7 பொது விடுமுறையும் 6 நாள் லீவும் சேர்ந்து 13 நாள், 650 ரிங்கிட். எம்சி பத்தையும் எடுக்க நேர்ந்தால் 1,150. அக்கா மாதிரி ஒருவருக்கு இது ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேல்.

இபிஎப், சொக்சோ

பகுதி நேரம் என்பதால் ஊழியர் சேமநிதியான இபிஎப்பும் சமூகப் பாதுகாப்புக் காப்புறுதியான சொக்சோவும் இல்லை என்று சொல்ல முடியாது. 60 வயதுக்குட்பட்ட மலேசியரான ஊழியருக்கு 5,000 ரிங்கிட் வரையிலான சம்பளத்தில் இபிஎப்புக்கு ஊழியர் பங்கு 11 விழுக்காடு, முதலாளி பங்கு 13 விழுக்காடு. அக்காவின் 1,100-க்கு அவர் சம்பளத்திலிருந்து 121, முதலாளி தன் கையிலிருந்து 143. சொக்சோவுக்கு ஊழியர் 5 ரிங்கிட் சொச்சம், முதலாளி 18 ரிங்கிட் சொச்சம். வேலைக் காப்புறுதிக்கு இருவருக்கும் 2 ரிங்கிட் சொச்சம். எல்லாம் போக அக்காவின் கையில் ஏறக்குறைய 971 ரிங்கிட். முதலாளிக்கு அந்த மாதம் ஏறக்குறைய 1,263 ரிங்கிட் செலவு. அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் இபிஎப் பணத்தைக் கட்டிவிட வேண்டும். ஓவர்டைம் காசுக்கு இபிஎப் பிடிப்பதில்லை, சொக்சோவுக்கு அதையும் சேர்த்துத்தான் கணக்கு.

முதலாளிகள் இந்த 1,263 என்ற எண்ணைக் கொஞ்சம் பாருங்கள். அந்த மாதம் அக்கா உண்மையில் கடையில் நின்றது 95 மணி. வகுத்தால் ஒரு மணிக்கு 13 ரிங்கிட் 30 காசுக்குக் கொஞ்சம் குறைவு. மணிக்கு 10 என்று பேசிவிட்டு 10-தான் செலவு என்று கடையின் வரவு செலவைப் போட்டால், பின்னால் லீவைக் கொடுக்க மனம் வராது. பேசும் முன்பே 13 என்று மனத்தில் வைத்துக்கொண்டு ஆள் வைத்தால், லீவும் எம்சியும் எதிர்பாராத செலவாகத் தெரியாது. கடை தாங்குமா தாங்காதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். "இபிஎப் வேண்டாம், கையில் கொடுத்துவிடுங்கள்" என்று ஊழியரே கேட்டாலும் முதலாளி ஒத்துக்கொள்ளக் கூடாது. பொறுப்பு முதலாளியுடையது, இருவரும் பேசி வைத்துக்கொண்டார்கள் என்பதால் அது நீங்கிவிடாது. 143 ரிங்கிட் என்பது அக்காவின் முதுமைக் காலத்துக்கு முதலாளி சேர்க்கும் பணம். அதை விட்டுக்கொடுக்கச் சொல்லும் ஊழியருக்கும் இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

எழுத்தில் இருக்க வேண்டியவை

வேலை நேரம், மணிச் சம்பளம், வேலைக் கிழமைகள், லீவு நாள், 7 பொது விடுமுறை. இவை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டால் போதும், வழக்கறிஞர் வேண்டியதில்லை. வந்த நேரம், போன நேரத்தைத் தினமும் குறித்து வையுங்கள். ஊழியரும் தன் கைப்பேசியில் தனியாகக் குறித்துக்கொள்வது நல்லது. முதலாளி இந்தப் பதிவேடுகளை 6 ஆண்டு வைத்திருக்க வேண்டும். சம்பளம், சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் கொடுபட வேண்டும். சம்பளச் சீட்டில் வேலை செய்த நாள், விடுமுறை நாள், எம்சி, லீவு, ஓவர்டைம் எல்லாம் தனித்தனி வரிகளாக இருக்கட்டும். மொத்தமாக 1,100 என்று மட்டும் எழுதினால், கொடுத்தவருக்கும் நிரூபிக்க முடியாது, வாங்கியவருக்கும் சரிபார்க்க முடியாது.

கணக்குக் குறைகிறது என்று ஊழியருக்குத் தோன்றினால் முதலில் அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் பேசலாம். "அண்ணே, மே ஒண்ணாம் தேதிக்கு வரி இல்லையே, கொஞ்சம் பார்க்கிறீங்களா?" என்று கேட்டாலே பெரும்பாலும் சரியாகிவிடும். சரியாகவில்லை என்றால் தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்கலாம். பகுதி நேர ஊழியர் என்பதால் யாரும் திருப்பி அனுப்ப முடியாது.

ஆண்டு நடுவில் வேலையை விடும்போது லீவு விகிதப்படி கணக்காகும். அக்கா முதல் ஆண்டில் 6 மாதம் முடித்துவிட்டு நிற்கிறார் என்றால் 6 நாளில் பாதி, 3 நாள். விகிதம் பின்னமாக வந்தால் அரை நாளும் அதற்கு மேலும் ஒரு நாளாகும், அரைக்குக் கீழே விட்டுவிடலாம். அந்த மூன்று நாளை எடுத்துவிட்டுப் போகலாம், எடுக்க முடியாவிட்டால் கடைசிச் சம்பளத்தோடு 150 ரிங்கிட் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.